விபிஎன் இணைகிறது, ஆபீஸ் கணினி மட்டும் வரவில்லை

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. குழந்தை பிறந்த பிறகு மாமியார் வீட்டில் இருந்தபடியே வேலை செய்ய அலுவலகம் சம்மதித்திருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் முதலில் விபிஎன் (இணையத்தின் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான பாதை) இணைத்து, பிறகு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸில் தன் மேசையில் இருக்கும் கணினிக்குள் நுழைந்து டேலியும் எக்செலும் பார்ப்பார். எட்டு மாதம் சிக்கல் இல்லை. போன மாதம் வீட்டில் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டுப் புது ஃபைபர் இணைப்பு போட்டார்கள். அன்றிலிருந்து விபிஎன் 'கனெக்டட்' என்று பச்சையாகக் காட்டுகிறது, ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் 'தொலைவில் உள்ள கணினியை அடைய முடியவில்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறது.

வேகம்தான் காரணமோ என்று 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கியிருக்கிறார். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தார், பலனில்லை. கல்லூரியில் படிக்கும் கொழுந்தன் ஆபீஸ் கணினியின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து பார்த்து, "3 மில்லிசெகண்டில் பதில் வருது அண்ணி, லைன் பக்காவா இருக்கு, ஆபீஸ் பக்கம்தான் கோளாறு" என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸ் மேலாளரோ, "மற்ற எல்லாருக்கும் வருது, உங்க வீட்டு நெட்தான் கோளாறு, சரியாகிற வரைக்கும் லீவு போட்டுக்கோங்க" என்கிறார். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் வேலை செய்கிறது; ஆனால் சில நேரம் திரை கறுப்பாகி நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாட்ஸ்பாட்டிலும் வருவதே இல்லை.

இந்த நிலையில் மூன்று யோசனைகள் அவர் முன் இருக்கின்றன. ஆபீஸ் ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான போர்ட்டை (அது நுழையும் கதவை) இணையத்துக்குத் திறந்துவிட்டால் விபிஎன்னே வேண்டாம் என்கிறார் சொந்தத் தம்பி. ஆபீஸில் இருக்கும் தோழியிடம் சொல்லி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போட்டுக்கொள்ளலாமா என்று இவருக்கே ஒரு எண்ணம். கூகுளில் கிடைத்த ஒரு 'சப்போர்ட்' எண்ணில் 1,500 ரூபாய்க்குச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். போதாததற்கு, இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதே சட்டவிரோதம் என்று யாரோ சொல்லி அவர் கணவர் பயப்படுகிறார். "வருமான வரி வேலை மும்முரமாக நடக்கும் நேரம். என் வேலை போய்விடுமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார். தன் லேப்டாப் திரையையும் ஆபீஸ் கணினியின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்கு உள்ள எண்) படம் எடுத்து இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் லேப்டாப்பில் கோளாறு இல்லை, பாஸ்வேர்டில் இல்லை, நீங்கள் செய்த எதிலும் இல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலேயே பதில் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பின் ஐபி முகவரி 192.168.1.7. ஆபீஸ் கணினியின் முகவரி 192.168.1.20. இரண்டிலும் 192.168.1 என்ற முன்பகுதி ஒன்றே; அதாவது இரண்டும் ஒரே வரிசை. பிரதான சிக்கல் இதுதான்.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்காக ஒதுக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ரூட்டர் தயாரிப்பவர்களில் பலர் பெட்டியிலேயே 192.168.1 என்ற வரிசையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஆபீஸ் ரூட்டரை வைத்தவர் அதை மாற்றவில்லை. புது ஃபைபர்காரர் கொண்டுவந்த ரூட்டரிலும் அதே வரிசை. பழைய பிராட்பேண்ட் பெட்டி 192.168.0 போல வேறு வரிசையில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதனால்தான் எட்டு மாதம் தொந்தரவில்லாமல் ஓடியிருக்கிறது.

பாளையங்கோட்டையிலும் காந்தி தெரு இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் எழுதாமல் 'காந்தி தெரு, 20ஆம் எண்' என்று மட்டும் எழுதிய கடிதத்தை உள்ளூர் தபால்காரர் உள்ளூர் வீட்டில்தான் கொடுப்பார். உங்கள் லேப்டாப்பும் அதையே செய்கிறது. 192.168.1.20 என்றதும், 'இது நம் வீட்டு வரிசைதானே' என்று வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. விபிஎன் என்ற பாதை திறந்திருக்கிறது, பச்சையாகத் தெரிகிறது, ஆனால் உங்கள் கோரிக்கை அந்தப் பாதைக்குள் நுழைவதே இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் மட்டும் ஏன் வருகிறது என்பதும் இப்போது புரியும். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்ற வரிசையைக் கொடுக்கும். ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 192.168.43 அல்லது அதுபோல வேறு ஏதாவது எண் கொடுக்கும். ஆபீஸோடு மோதாததால் வழி சரியாகப் பிரிகிறது.

பிங்குக்குப் பதில் சொன்னது யார்?

உங்கள் கொழுந்தன் அக்கறையோடு உதவியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்த அந்த 3 மில்லிசெகண்ட்தான் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். பாளையங்கோட்டைக்கும் சென்னைக்கும் சாலை வழியில் 600 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 1,200 கிலோமீட்டர் என்றால் இடையில் எதுவும் தாமதப்படுத்தாவிட்டாலும் 6 மில்லிசெகண்ட் ஆக வேண்டும். விபிஎன்னும் ரூட்டர்களும் நடுவில் இருக்கும்போது நடைமுறையில் 15, 20, 30 என்று வரும். 3 மில்லிசெகண்டில் சென்னை பதில் சொல்லவே முடியாது. பதில் சொன்னது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு கருவி.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். விபிஎன்னைத் துண்டித்துவிட்டு அதே 192.168.1.20-க்கு மறுபடி பிங் கொடுங்கள். அப்போதும் பதில் வந்தால் அது சென்னை இல்லை. பிறகு ரூட்டர் பக்கத்தில் 'இணைந்துள்ள கருவிகள்' பட்டியலைப் பாருங்கள். 20 என்று முடியும் முகவரிக்கு எதிரே ஸ்மார்ட் டிவியோ, சிசிடிவி பெட்டியோ, யாருடைய செல்போனோ இருக்கும். டிவி என்றால் அதை அணைத்துவிட்டுப் பிங் செய்யுங்கள், பதில் நின்றுவிடும். டிவியிடம் போய் 'ரிமோட் டெஸ்க்டாப் திற' என்று கேட்டால் அது என்ன செய்யும்? அந்தப் பிழைச் செய்திதான் வரும்.

இன்னொன்றும் கொழுந்தனிடம் சொல்லுங்கள். பிங் வருகிறது என்பதாலேயே ரிமோட் டெஸ்க்டாப் வரும் என்று இல்லை. பிங் வரவில்லை என்பதாலேயே கணினி இறந்துவிட்டது என்றும் இல்லை. பல விண்டோஸ் கணினிகளில் ஃபயர்வால் பிங்கை மறுத்துவிடும், ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பை அனுமதிக்கும். ரிமோட் டெஸ்க்டாப் வந்து தட்டும் கதவு 3389 என்ற போர்ட். அந்தக் கதவு திறக்கிறதா என்று, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் செயலியான பவர்ஷெல்லில் 'டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்' கட்டளையால் நேரடியாகவே சோதிக்கலாம். கல்லூரிப் பையனுக்கு இது இரண்டு நிமிட வேலை.

வீட்டு ரூட்டரில் மாற்ற வேண்டியது

செலவில்லாத, பாதுகாப்பான தீர்வு, உங்கள் வீட்டின் வரிசையை மாற்றிவிடுவது. லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டியில் 192.168.1.1 என்று கொடுங்கள். ரூட்டரின் நுழைவுப் பக்கம் வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே 'லேன்' (வீட்டு நெட்வொர்க்) அமைப்புக்குப் போங்கள். ரூட்டரின் ஐபி 192.168.1.1 என்று இருப்பதை 192.168.77.1 என்று மாற்றுங்கள். 77 என்பது என் விருப்பம்தான். 0, 1 போல எல்லாரும் வைத்திருக்கும் எண்ணைத் தவிர்த்து எது வேண்டுமானாலும் வைக்கலாம்.

அதே பக்கத்தில் 'டிஹெச்சிபி' என்று ஒரு பகுதி இருக்கும். வீட்டுக் கருவிகளுக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கலாம் என்ற வரம்பு அது. சில ரூட்டர்கள் தாங்களே மாற்றிக்கொள்ளும், சிலவற்றில் நாமே 192.168.77.2 முதல் 192.168.77.200 வரை என்று மாற்ற வேண்டியிருக்கும். இதை விட்டுவிட்டால் வீட்டில் யாருக்கும் நெட் வராது. மாற்றும் முன் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தவறு நடந்தால் பழையபடி வைத்துவிடலாம்.

சேமித்ததும் அந்தப் பக்கம் தொங்கிப்போய் நிற்கும். பயப்படாதீர்கள், ரூட்டரின் முகவரியே மாறிவிட்டதால்தான். ரூட்டரை அணைத்துப் போடுங்கள், லேப்டாப் வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். இனி ரூட்டர் பக்கத்துக்கு 192.168.77.1 என்று போக வேண்டும். செல்போன், டிவியெல்லாம் தாமாகவே புது எண் வாங்கிக்கொள்ளும். பிரிண்டருக்கோ கேமராவுக்கோ யாராவது நிலையான எண் போட்டு வைத்திருந்தால் அதை மட்டும் மறுபடி அமைக்க வேண்டும். பிறகு விபிஎன் இணைத்து ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து பாருங்கள். வாரநாளில், ஆபீஸ் நேரத்தில் பாருங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

சில நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த ரூட்டரில் இந்தப் பகுதியைப் பூட்டி வைத்திருக்கும். அப்படியானால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "லேன் ஐபி வரிசையை மாற்றித் தாருங்கள், ஆபீஸ் விபிஎன்னோடு மோதுகிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'நெட் வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் ஆள் அனுப்பி வேகத்தைச் சோதித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் மறுத்தால், உங்கள் சொந்த ரூட்டர் ஒன்றை அவர்கள் பெட்டியின் பின்னால் இணைத்து, லேப்டாப்பை அதில் போடலாம். பழைய வைஃபை ரூட்டர் பரணில் கிடந்தால் அதுவே போதும். அதன் வரிசை மட்டும் இரண்டோடும் மோதாமல் இருக்கட்டும்.

200 எம்பிபிஎஸ் திட்டத்தைத் தாராளமாகப் பழையபடி 100-க்கு இறக்கிவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் கோப்புகள் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை, ஆபீஸ் கணினியின் திரைப் படம்தான் வருகிறது. உங்களைப் போன்ற கணக்கு வேலைக்கு 1.5 முதல் 5 எம்பிபிஎஸ் வரை தாராளம். எழுத்து தாமதமாக விழுவது, மவுஸ் இழுபடுவது போன்றவை பெரும்பாலும் போய்வரும் நேரத்தையும் வழியில் தொலையும் பாக்கெட்டுகளையும் (தகவல் போகும் சிறு துண்டுகள்) பொறுத்தவை. பெரிய திட்டம் வாங்குவதால் அவை குறையாது. முடிந்தால் ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள், அது செய்யும் உதவியை 100 எம்பிபிஎஸ் கூடுதல் வேகம் செய்யாது.

அப்புறம், அணைத்து வைத்த ஃபயர்வாலை இன்றே போட்டுவிடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வருவதைத்தான் இயல்பாகத் தடுக்கும், வெளியே போவதை விட்டுவிடும். நீங்கள் வெளியே ஆபீஸுக்குப் போகிறீர்கள். அதை அணைத்ததில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

விண்டோஸ் ஹோம் பதிப்பு என்பதால் வரவில்லையோ என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். ஹோம் பதிப்பிலிருந்து வேறொரு கணினிக்குள் போகலாம். ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் மற்றவர் இந்த வழியில் வர முடியாது, அவ்வளவுதான். ஆபீஸ் கணினி புரொஃபஷனல் என்று படத்தில் தெரிகிறது. சரி.

ஞாயிற்றுக்கிழமைக் கதை வேறு

உங்களை அதிகம் குழப்பியது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே பிழைச் செய்தி வருவதால் ஒரே கோளாறு என்று எண்ணிவிட்டீர்கள். அந்தச் செய்தியை நிதானமாகப் படித்தால் அதிலேயே மூன்று காரணங்கள் சொல்லியிருப்பார்கள்: தொலை அணுகல் இயக்கப்படவில்லை, கணினி அணைந்திருக்கிறது, நெட்வொர்க்கில் கணினி கிடைக்கவில்லை. வாரநாளில் உங்களுக்கு வருவது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை வருவது அநேகமாக இரண்டாவது.

சனிக்கிழமை மாலை ஆபீஸைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது பல அலுவலகங்களில் வழக்கம். அணைக்காவிட்டாலும் கணினி சிறிது நேரத்தில் தானாக ஸ்லீப்புக்குப் போய்விடும், தூங்கும் கணினிக்குள் யாரும் நுழைய முடியாது. ஆபீஸில் சொல்லி மூன்று விஷயங்களைச் செய்துவைக்கச் சொல்லுங்கள். பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'ஒருபோதும் இல்லை' என்று வைக்க வேண்டும், திரை மட்டும் அணைந்தால் போதும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் 'மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு' என்ற அமைப்பைப் போட வேண்டும். அந்தக் கணினிக்கு 192.168.1.20 என்ற எண்ணை ரூட்டரில் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட நேரம் அணைந்து எழும்போது வேறு எண் வாங்கிக்கொண்டு, நீங்கள் வெறும் எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஞாயிறு வேலை அவசியமா என்பதையும் மேலாளரிடம் கேளுங்கள். ஆபீஸ் பூட்டியிருக்கும் நாளில் வேலையை எதிர்பார்த்தால் கணினியை இயக்கி வைப்பது அவர்கள் பொறுப்பு.

கறுப்புத் திரை மூன்றாவது விஷயம். பாஸ்வேர்ட் கேட்கிறது, உள்ளே விடுகிறது, அப்புறம் கறுப்பாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் பாக்கெட் அளவுப் பிரச்சினை. இணையத்தில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1,500 பைட் வரை இருக்கலாம். விபிஎன் அதன் மேல் தன் உறையைச் சுற்றுவதால் உள்ளே இடம் குறைகிறது. செல்போன் நெட்வொர்க்கில் இன்னும் குறையலாம். சிறிய பாக்கெட்டுகள் போய்விடும், அதனால் நுழைவுப் பெட்டி வருகிறது. முழுத் திரையைச் சுமந்து வரும் பெரிய பாக்கெட்டுகள் வழியிலேயே காணாமல் போகின்றன. 'விபிஎன்னின் எம்டியு அளவை 1,350 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள், அல்லது ஆபீஸ் ரூட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் போடுங்கள்' என்று உங்கள் ஆபீஸுக்கு வரும் சிஸ்டம் இன்ஜினியரிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். வீட்டு ஃபைபரில் வரிசை மோதல் தீர்ந்த பிறகும் கறுப்புத் திரை வந்தால் மட்டும் இதில் இறங்கினால் போதும்.

தம்பி சொல்லும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்

இதை அழுத்திச் சொல்கிறேன். ஆபீஸ் ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்தால் உங்களுக்கு வரும் என்பது உண்மை. உலகத்தில் உள்ள எல்லாருக்கும் வரும் என்பதும் உண்மை. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. கதவு கண்ணில் பட்டதும் 'அட்மின்', 'அக்கவுண்ட்ஸ்', 'டேலி' என்று பெயர்களை வைத்து பாஸ்வேர்டுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் சிறு அலுவலகங்களுக்குள் நுழையும் பழக்கமான வாசல் இது. போர்ட் எண்ணை 3389-லிருந்து வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று தம்பி சொல்லக்கூடும். எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அது சிறு தாமதம் மட்டுமே.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆபீஸ் கணினி விண்டோஸ் 7 என்று தெரிகிறது. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. அதற்கு முன்பே, 2019 மே மாதத்தில், விண்டோஸ் 7-இன் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே 'புளூகீப்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை வெளியே வந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய வழி கொடுக்கும் ஓட்டை. 2017-இல் உலகையே உலுக்கிய, கோப்புகளைப் பூட்டும் வான்னாக்ரை என்ற தீநிரல் போலக் கணினிக்குக் கணினி தானே பரவக்கூடியது என்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்து, எப்போதோ ஆதரவை நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூடத் திருத்தம் வெளியிட்டது. உங்கள் ஆபீஸ் கணினியில் அந்தத் திருத்தம் போட்டிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? விபிஎன்னுக்குப் பின்னால் இருப்பதால்தான் அது இன்றுவரை தப்பித்திருக்கிறது.

அந்தக் கணினியில் இருப்பது உங்கள் சொந்தக் கோப்புகள் இல்லை. எத்தனையோ குடும்பங்களின் பான் எண், வங்கிக் கணக்கு, வருமானம் எல்லாம் இருக்கின்றன. வாடிக்கையாளர் தகவலை வெளியே விடுவது, பட்டயக் கணக்காளர்கள் சட்டம் 1949-இன் இரண்டாம் அட்டவணைப்படி ஆடிட்டருக்குத் தொழில் ஒழுங்கீனம். ஒரு போர்ட்டைத் திறந்ததன் விளைவை உங்கள் ஆடிட்டர் தன் உறுப்பினர் பதிவோடு சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

எனிடெஸ்க், 'சப்போர்ட்' எண், சட்டம்

எனிடெஸ்க் போன்ற செயலிகள் தம்மளவில் கெட்டவை இல்லை. ஆபீஸ் சம்மதித்து, உரிமம் வாங்கி, இரட்டைச் சரிபார்ப்புடன் போட்டால் நல்ல மாற்று வழியும்கூட. முகவரி மோதல் பிரச்சினையே அதில் வராது. ஆனால் மேலாளருக்குத் தெரியாமல் தோழியை வைத்துப் போடுவது வேறு விஷயம். நாளைக்கு ஏதாவது தகவல் கசிந்தால் முதல் கேள்வி உங்களிடமும் அந்தத் தோழியிடமும்தான் வரும். கணினியின் உரிமையாளர் அனுமதியின்றி அணுகுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு உரியதாகச் சொல்கிறது. நீங்கள் அந்தக் கணினியைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்தான். ஆனால் அந்த அனுமதி விபிஎன் வழிக்குக் கொடுக்கப்பட்டது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மின்னஞ்சலில் ஒரு வரி சம்மதம் போதும்.

கூகுளில் கிடைத்த அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 'சரிசெய்து தருகிறேன், இந்தச் செயலியைப் போட்டு அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்' என்பதுதான் மோசடிக்காரர்களின் வழக்கமான முறை. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்த வகை மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. உங்கள் லேப்டாப்பை அவர்களிடம் கொடுத்தால் ஆபீஸ் விபிஎன்னையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். ஏற்கெனவே அவர்கள் சொன்ன எதையாவது நிறுவியிருந்தால் உடனே நெட்டைத் துண்டித்து, அதை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல், விபிஎன் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஆபீஸுக்கும் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

உங்கள் கணவரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஊழியர் தன் அலுவலகத்தோடு விபிஎன் வழியாக இணைவதை இந்தியாவில் எந்தப் பொதுச் சட்டமும் தடுக்கவில்லை. சில மாவட்டங்களில், குறிப்பாக ஜம்மு காஷ்மீரில், நிர்வாகம் அவ்வப்போது தற்காலிகத் தடை போட்டதுண்டு. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுதான் பலரைக் குழப்பிவிட்டது. பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது அது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன் அதில் வராது என்று பிறகு வெளியிட்ட விளக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இதோடு சேர்த்து ஒன்று: செல்போனின் ஆப் ஸ்டோரில் கிடைக்கும் இலவச விபிஎன் செயலியைப் போட்டால் ஆபீஸ் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. அது உங்களை வேறு யாருடைய நெட்வொர்க்குக்கோ கொண்டுபோகும். ஆபீஸ் விபிஎன் மட்டும்தான் ஆபீஸுக்குப் போகும்.

மேலாளரிடம் எப்படிப் பேசுவது

'உங்கள் வீட்டு நெட்தான் கோளாறு' என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. வரிசை மோதியது உங்கள் வீட்டில்தான். ஆனால் மோதலின் மறுபாதி ஆபீஸில் இருக்கிறது. அதிகமாகப் புழங்கும் வரிசைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஊழியர்களை வீட்டிலிருந்து வரச் சொன்னால், இன்று உங்களுக்கு வந்தது நாளை ரூட்டர் மாற்றும் இன்னொருவருக்கும் வரும். நிரந்தரத் தீர்வு, ஆபீஸ் தன் வரிசையை 10.57.3 போல யாரும் வைக்காத ஒன்றுக்கு மாற்றிக்கொள்வது. பிரிண்டர், சர்வர், பயோமெட்ரிக் எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும் என்பதால் ஒரு சனிக்கிழமை மாலை முழுக்கப் போகும் வேலை. வரித் தாக்கல் சீசன் முடிந்த பிறகு செய்யட்டும்.

அதுவரை, உங்கள் வீட்டு ரூட்டரை மாற்ற முடியாமல் போனாலும் தற்காலிக வழி ஒன்று இருக்கிறது. '192.168.1.20 என்ற ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் விபிஎன் வழியாகப் போ' என்று லேப்டாப்பில் ஒரு ரூட் சேர்க்கலாம். ஒற்றை முகவரிக்கான வழி, முழு வரிசைக்கான வழியை மிஞ்சும் என்பதால் அது வேலை செய்யும். உங்கள் ஆபீஸ் இன்ஜினியர் ஃபோனிலேயே சொல்லித் தரலாம்.

மேலாளருக்கு மின்னஞ்சலாகவே எழுதுங்கள், ஃபோனில் வேண்டாம். நீளமாகவும் வேண்டாம். 'வீட்டு ரூட்டரும் ஆபீஸ் ரூட்டரும் ஒரே 192.168.1 வரிசையில் இருப்பதால் இணைப்பு மோதுகிறது. என் பக்கத்தில் மாற்றிவிட்டேன். ஆபீஸ் கணினியின் ஸ்லீப் அமைப்பையும் ஐபி ஒதுக்கீட்டையும் இன்ஜினியர் பார்க்க வேண்டும். அதோடு, அந்தக் கணினி விண்டோஸ் 7, அதை மாற்றுவது பற்றியும் முடிவெடுக்க வேண்டும்' என்று எழுதினால் போதும். எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு முயன்றீர்கள், என்ன செய்தி வந்தது, ஹாட்ஸ்பாட்டில் எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து அதோடு இணையுங்கள். இதுவரை போட்ட விடுப்பை மறுபரிசீலிக்கக் கேட்பதற்கு அந்தக் குறிப்புதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

வரிசையை மாற்றிய பிறகும் வாரநாளில் வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது மூன்று விவரம் அனுப்பினால் போதும்: விபிஎன் இணைந்த நிலையில் உங்கள் லேப்டாப்பின் ஐபி விவரம், 3389 சோதனையில் வந்த விடை, அந்த நேரத்தில் ஆபீஸில் யாராவது உங்கள் கணினியின் திரையைப் பார்த்துச் சொன்ன அதன் அன்றைய ஐபி எண். படங்களில் பாஸ்வேர்டோ வாடிக்கையாளர் பெயரோ தெரியாமல் மறைத்து அனுப்புங்கள்.